பழைய கிராமத்து வீட்டில் குழாய் வேலை: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

பூட்டிக் கிடந்த தாத்தா வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் முதலில் ஓடு மாற்றுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள், வயரிங்கைப் புதுப்பிக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் பக்கம் கடைசியில்தான் வருகிறார்கள். திறந்தால் தண்ணீர் வருகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் குடிவந்தது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் சமையல், கொல்லையில் கிணறு என்று அறுபது வருடத்துக்கு முந்தைய வீடு. குழாய் அதற்குப் பிறகு, 1970களின் கடைசியில் போட்டது. எல்லாம் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. முக்கால்வாசி சுவருக்குள் பதித்தது. வந்த மாதமே பின்கட்டுக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினேன். குழாய் கழலவில்லை, அது மாட்டியிருந்த நிப்பிள், அதாவது மரை வெட்டிய சின்னக் குழாய்த் துண்டு, சுவருக்குள்ளேயே முறிந்துவிட்டது. மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தது. தொட்டிக்கு வால்வு கிடையாது. ஏணி வைத்து ஏறி, தொட்டிக்குள் கையை விட்டு, தண்ணீர் இறங்கும் துளையில் துண்டைத் திணிப்பதற்குள் பின்கட்டு முழுக்க நிறைந்து, தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் அடி நனைந்துபோனது.

மறுநாள் வந்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறவர். முறிந்த துண்டைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பழைய பைப்புல கை வைக்கிறதுக்கு முந்தித் தண்ணிய நிறுத்துங்க. நிறுத்தினதுக்கப்புறமும் வரமாட்டேன்னா விட்ருங்க. அதோட மல்லுக்கட்டாதீங்க." கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அவரோடு கூடமாட நின்று கற்றுக்கொண்டது.

முதலில் தண்ணீரை நிறுத்தத் தெரிந்துகொள்ளுங்கள்

ரெஞ்சு வாங்கும் முன் ஒரு சாக்பீஸும் ஒரு தாளும் எடுங்கள். வீட்டுக்கு எத்தனை தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பஞ்சாயத்துக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களும் சேர்ந்திருக்கின்றன. இன்னொன்று போரிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிற உப்புத் தண்ணீர். கிணறு இருந்தால் மூன்று. ஒவ்வொன்றும் வீட்டுக்குள் எங்கே நுழைகிறது, எந்தெந்தக் குழாய்க்குப் போகிறது என்று தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சுவருக்குள் போகும் வழி தெரியாவிட்டால், ஒரு குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் பதித்து அடிப்பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். தண்ணீர் ஓடும் தடம் கேட்கும். கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பாதை கிடைத்துவிடும். ஆணி அடிக்கும்போதும் இந்தப் படம் உதவும்.

அடுத்தது வால்வு. பழைய வீட்டில் இருப்பது சக்கரம் போலத் திருகும் கேட் வால்வாக இருக்கும். வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், இறுகியிருக்கும். பலம் போட்டுத் திருகினால் உள்ளே தண்டு அறுந்து, சக்கரம் சும்மா சுற்றும். தண்டு நுழையும் இடத்தில் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் ஸ்பிரேயோ விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் கால் சுற்று மூடி, கால் சுற்று திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். அசைந்து கொடுத்தால் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி மூடித் திறந்து வைத்தால் மறுபடி இறுகாது. முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடுவது நல்ல பழக்கம்.

அசையவில்லை என்றால், அல்லது வால்வே இல்லை என்றால், இந்த வீட்டில் நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் பணம் இதற்குத்தான். தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் தொட்டியை ஒட்டி ஒரு பால் வால்வு. கைப்பிடி குழாய் போகும் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் முதல் பிள்ளைகள் வரை யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அதன் பக்கத்திலேயே ஒரு யூனியனும், அதாவது நட்டைத் திருகிக் கழற்றும் இணைப்பும், போட்டுவிடுங்கள். பிற்பாடு வால்வை மாற்ற வேண்டி வந்தால் குழாயை அறுக்காமல் கழற்றலாம். பஞ்சாயத்துக் குழாய் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலும் ஒரு வால்வு வேண்டும். எந்த வால்வு எதற்கு என்று பெயிண்டில் எழுதி வையுங்கள்.

எங்கே கசிகிறது

வெளியே ஈரம் தெரிந்தால் சுலபம். சுவருக்குள் கசிந்தால், சுண்ணாம்புப் பூச்சு உப்பி, பொருபொருவென்று உதிரும். மழைக்காலத்தில் அது மழையால் வந்ததா குழாயால் வந்ததா என்று குழப்பமாக இருக்கும். அதற்கு ஒரு சோதனை உண்டு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை ஒரு குச்சியை விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாயும் திறக்கக் கூடாது, கழிவறைக்குக்கூட வாளித் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. அடுத்த ராத்திரி தொட்டி வால்வை மூடிவிட்டு இதையே செய்யுங்கள். இப்போது இறங்கவில்லை என்றால் கசிவு வால்வுக்குக் கீழே, குழாயில். அப்போதும் இறங்கினால் தொட்டியில்தான் விரிசல். இரண்டு மூன்று வழிகள் இறங்கும் வீடு என்றால், ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தால் எந்த வழி என்று தெரிந்துவிடும்.

சொட்டும் குழாயை அலட்சியம் செய்யாதீர்கள். கீழே ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஆறு டம்ளர், நாளுக்கு 144 டம்ளர், கிட்டத்தட்ட 29 லிட்டர். இரண்டு குடத் தண்ணீர். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் கணக்கே 55 லிட்டர்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு தேய்ந்த வாஷரில் போய்விடுகிறது.

வாஷர் மாற்றுவது

இதை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். பழைய பித்தளைக் குழாய்களைத் தூக்கிப் போடாதீர்கள். கனமான உடம்பு, பல வருடம் உழைக்கும்; தேய்வது உள்ளே இருக்கும் ஒரு சின்ன வட்டம் மட்டும்தான்.

வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, உள்ளே தங்கியிருக்கும் தண்ணீர் வடியும் வரை விடுங்கள். திறந்தே இருக்கட்டும். குழாயின் தலைப்பகுதியில் அறுகோண நட்டு ஒன்று தெரியும். அதில் பழைய துணியைச் சுற்றி ஸ்பானரைப் போடுங்கள். பித்தளையில் பல் பதியாது. இனிதான் முக்கியமான இடம். வலது கையால் நட்டை இடதுபுறமாகத் திருகும்போது, இடது கை இன்னொரு ரெஞ்சால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நான் நிப்பிளை முறித்தது இந்த இரண்டாவது ரெஞ்சு இல்லாததால்தான். நீங்கள் கொடுக்கும் பலம் முழுக்க சுவருக்குள் துருப்பிடித்த மரைக்குப் போய்விடும்.

தலை கழன்று வந்ததும் தண்டின் அடியில் வாஷர் இருக்கும். ரொம்பப் பழைய குழாய் என்றால் தோல் வாஷர். கருத்து, கல் மாதிரி இறுகி, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் ரப்பர் வாஷர் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் குழாய்க்குள் விரலை விட்டு, வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. சொரசொரப்பாகவோ ஒரு பக்கம் அரித்தோ இருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டும். அப்போது புதுக் குழாய்தான் வழி.

புதுக் குழாய் மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். பழைய ஜிஐ மரை தேய்ந்திருக்கும் என்பதால் டேப் மட்டும் பிடிக்காமல் போகலாம். அதற்கு எங்கள் குழாய்க்காரர் சணல் நூலைப் பிரித்து மரைக்குள் படியச் சுற்றி, மேலே வெள்ளைப் பெயிண்ட் தடவித் திருகுகிறார். தேய்ந்த மரையை இது நன்றாகப் பிடிக்கிறது.

ஜிஐ குழாயை எப்போது கைவிடுவது

என் வீட்டில் அறுத்தெடுத்த அரை இஞ்ச் குழாய்த் துண்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் பெயிண்ட் கூட உரியவில்லை. உள்ளே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், துருவும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து மரப்பட்டை மாதிரி இருக்கிறது. நடுவில் ஊதுபத்தி நுழையும் அளவுக்குத்தான் வழி. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உள்சுவரில் படிகிறது, துத்தநாகப் பூச்சு போன இடத்தில் இரும்பு துருவாகப் பூக்கிறது. முதலில் போவது இணைப்புகள்தான். மரை வெட்டும்போதே அந்த இடத்தில் குழாயின் கனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது, பூச்சும் போய்விடுகிறது. எல்போ எனும் வளைவு, டீ எனும் மும்முனை இணைப்பு இவற்றின் பக்கத்தில் துரு வடிந்த கோடு தெரிந்தால் அந்த வழி கிட்டத்தட்ட முடிந்தது என்று அர்த்தம்.

நடு ராத்திரியில் ஊசித்துளை விழுந்து பீய்ச்சினால் அவசரத்துக்குச் சைக்கிள் டியூப். வால்வை மூடி, குழாயைத் துடைத்து, டியூபை நாடாவாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, மேலே ஹோஸ் கிளாம்ப் போட்டோ கட்டுக்கம்பியால் முறுக்கியோ இறுக்குங்கள். ஒரு வாரம் தாங்கும். எம்சீல் போடுவதென்றால் குழாயை உப்புத்தாளால் தேய்த்து முழுக்கக் காயவிட வேண்டும்; இரண்டு களிம்பும் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். ஈரத்தின் மேல் அப்பினால் மறுநாளே அப்படியே கழன்று வரும். இரண்டுமே ஒத்திப்போடும் வேலைகள். ஒரே வழியில் இரண்டாவது தடவை துளை விழுந்தால் ஒட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

அப்போது பலர் செய்வது, சுவரை உடைத்துப் பழைய குழாயை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் பதிப்பது. தயவு செய்து வேண்டாம். இந்தச் சுவர்கள் செங்கல்லைச் சுண்ணாம்பிலோ களிமண்ணிலோ வைத்துக் கட்டியவை. கட்டர் போட்டு அதிரவிட்டால் நீங்கள் உடைத்த இடத்தைத் தாண்டி ஆறடிக்குப் பூச்சு விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுண்ணாம்பைத் தின்றுகொண்டே போகும். பழைய குழாயை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, இரண்டு முனையிலும் பிளக் போட்டு அடைத்துவிடுங்கள். புது வழியைச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி கொண்டு போங்கள். அழகில்லை என்பார்கள். தாழ்வார விட்டத்தை ஒட்டி, சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துக் கொண்டு போனால் அவ்வளவாகத் தெரியாது. எங்கே கசிந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும் என்ற நிம்மதிக்கு முன்னால் அழகு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஒரே தடவையில் வீடு முழுக்க மாற்றவும் தேவையில்லை. முதலில் சமையலறை வழி, அடுத்த அறுவடைக்குக் குளியலறை, அதற்கடுத்துக் கொல்லை என்று கை வசதியைப் பார்த்துச் செய்யலாம்.

ஆனால் ஜிஐ குழாயில் ஒரு அடி அறுப்பதற்கு முன்னால் எர்த் கம்பியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் எர்த்துக்கென்று தனியாகக் குழி எடுக்காமல், கம்பியைத் தண்ணீர்க் குழாயிலோ அடிபம்பிலோ சுற்றிவிட்டிருப்பார்கள். நீங்கள் இரும்பை அறுத்துவிட்டு நடுவில் பிளாஸ்டிக் போட்ட நிமிடமே வீடு முழுவதற்கும் எர்த் இல்லாமல் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒரு மெஷினில் கசிந்தால் அந்த மின்சாரம் குழாயிலேயே நிற்கும். குழாயைத் தொடும்போது எப்போதாவது சுர்ரென்று இருந்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த் குழி முதலில், குழாய் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

புது வழி போடுவது

கடையில் மூன்று வகைப் பிளாஸ்டிக் குழாய் காட்டுவார்கள். சாம்பல் நிற பிவிசி வயலுக்கும் கழிவுநீருக்கும். வெள்ளை யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு. சந்தன நிறத்தில் இருக்கும் சிபிவிசி வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும். கீசர் வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த வழிக்குச் சிபிவிசி மட்டும்தான். ஒட்டும் சொல்யூஷனும் யுபிவிசிக்கும் சிபிவிசிக்கும் தனித்தனி. ஒன்றை வாங்கி இரண்டுக்கும் தடவக் கூடாது. தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான வழிக்கு ஒரு இஞ்ச், கிளைக்கு முக்கால், கடைசியில் குழாய் மாட்டுமிடத்தில் அரை இஞ்ச் என்று போடுங்கள். பழைய வீட்டில் தொட்டி அவ்வளவு உயரத்தில் இருக்காது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். நம் தொட்டிகள் நான்கு மீட்டர் இருந்தாலே அதிகம். குழாயை மெலிதாகப் போட்டால் மேல் குழாயில் நூலாகத்தான் வரும்.

ஒட்டும் முறை எளிது, அவசரப்படாவிட்டால். ஆக்ஸா பிளேடால் நேராக அறுத்து, பிசிறைக் கத்தியால் வழித்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, எல்போ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாயின் வெளியிலும் எல்போவின் உள்ளேயும் மெலிதாகச் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருப்பியபடியே அடிவரை செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டால் வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். தண்ணீர் திறப்பதை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பழைய இரும்போடு பிளாஸ்டிக்கைச் சேர்க்கும் இடத்தில் கவனம். இரும்பின் வெளிமரையைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் திருகினால், இறுக்க இறுக்க பிளாஸ்டிக் பிளந்துவிடும், சில சமயம் ஒரு மாதம் கழித்து. உள்ளே பித்தளை வளையம் வைத்த சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். குழாய் மாட்டும் எல்போவும் பித்தளை வைத்ததாகவே இருக்கட்டும்.

கிளாம்ப் மூன்றடிக்கு ஒன்று வேண்டும். துளையைச் செங்கல்லின் நடுவில் போடுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் போட்டால் களிமண் உதிர்ந்து திருகாணி நிற்காது. வெயில் படும் இடத்தில் போகும் குழாய்க்குத் தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில வருடத்தில் வெயிலில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

தொட்டியின் கனத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தின் நடுவில் அதை வைக்காதீர்கள். உத்திரம் வளைவது வருடக்கணக்கில் நடக்கும், உடைவது ஒரே நொடியில். கொல்லையில் தனியாக இரும்பு ஸ்டாண்டோ செங்கல் தூணோ கட்டி அதன் மேல் வைப்பதுதான் நல்லது.

தண்ணீர் நூலாக வந்தால்

எல்லாக் குழாயிலும் குறைந்தால் தொட்டி வாயைப் பாருங்கள், ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தக் குழாயை. குழாய் முனையில் சல்லடை இருந்தால் கழற்றி, புளிக்கரைசலிலோ வினிகரிலோ ராத்திரி ஊறவைத்தால் உப்பு இளகிவிடும். உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பழைய ரெட் ஆக்சைடு தரையில் ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தொட்டி ஒருமுறை காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. இருப்பதிலேயே தாழ்வான குழாயை முழுக்கத் திறந்து, புஸ்புஸ் என்ற சத்தம் நின்று சீராக ஓடும் வரை விடுங்கள். பிறகு அடுத்த உயரத்தில் இருப்பது. அடிக்கடி இப்படி ஆனால், தொட்டி வால்வைத் தாண்டியவுடன் ஒரு டீ போட்டு, அதிலிருந்து தொட்டி உயரத்தைவிட ஓரடி மேலே போகும்படி மெலிதான காற்றுக் குழாய் ஒன்றை ஏற்றிவிடுங்கள். அதன் வாய் கவிழ்ந்திருக்கட்டும்.

குடிக்கும் தண்ணீர்

பஞ்சாயத்துக் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்வாக வைத்திருக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். அந்தப் பள்ளத்தில் மழைநீரும் சாக்கடையும் தேங்கி, குழாயின் வாய் அதில் முங்கியிருக்கும். தண்ணீர் நின்றதும் வழி காலியாகிறது; காலியான குழாய் எதிலே முங்கியிருக்கிறதோ அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதலில் வருவது அதுதான், உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே. பள்ளம் தவிர்க்க முடியாது என்றால் அடியில் சிமெண்ட் போட்டு, மேலே மூடி போட்டு, குழாய் முனை பள்ளத்தின் தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கும்படி வையுங்கள். அந்த வழியில் நேரடியாக மோட்டார் மாட்டுவதும் இதே கெடுதலை இன்னும் வேகமாகச் செய்கிறது, விதிப்படியும் தவறு. தரைமட்டத் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து ஏற்றுங்கள். காவிரி வழியையும் போர் வழியையும் ஒரு வால்வு வைத்துக்கூட இணைக்காதீர்கள்.

போர் தண்ணீரைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு அதே மாதிரி 200, 600.

மேல்தொட்டியை வருடத்துக்கு இரண்டு முறை கழுவுங்கள், கோடைக்கு முன்னால் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று. சோப்பு வேண்டாம், பிரஷ் போதும். கழுவி நிரப்பிய பிறகு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் புது பிளீச்சிங் பவுடர்; அரை டீஸ்பூனை ஒட்டி வரும். ஒரு வாளித் தண்ணீரில் கலக்கிச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வழியும் குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான்.

சலதாரையும் செப்டிக் டேங்கும்

பழைய வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் பூமிக்கடியில் பீங்கான் குழாய் வழியாகப் போகும். குழாய் கெடாது, இரண்டு குழாய் சேருமிடத்தில் வேர் நுழையும். பக்கத்தில் வேம்போ அரசோ நின்றால் அடைப்பு வருடாவருடம் அதே இடத்தில் வரும். மூங்கில் பிளாச்சோ ஸ்பிரிங்கோ விட்டுக் குத்தினால் வழி கிடைக்கும், ஆனால் வேர் திரும்ப வளரும். அந்த ஒரு துண்டை மட்டும் தோண்டி பிவிசி போட்டுவிடுவது மேல். சமையலறைத் தண்ணீரைச் சலதாரையிலிருந்து பிரித்து வாழைக்கோ தென்னைக்கோ விட்டுவிட்டால் பாதி அடைப்பு வரவே வராது. குளியலறையில் நாற்றமோ கரப்பானோ வந்தால் பெரும்பாலும் தரையில் இருக்கும் ட்ராப்பில், அதாவது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் போதும்.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடி மண்ணுக்கடியில் போயிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கிணற்றுக்கும் அதற்கும் ஐம்பது அறுபது அடியாவது இடைவெளி இல்லை என்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆசிட்டும் கிருமிநாசினியும் நிறைய ஊற்றினால் உள்ளே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்து, டேங்க் சீக்கிரம் நிறையும்.

எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் அதற்குள் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். உள்ளே நிற்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த செய்தி நம் ஊர்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. தகுந்த பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கூலிக்கு ஆள் தயாராக இருக்கிறார் என்று யாராவது சொன்னால், லாரிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகும்போது

ஒரு மாதத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் எல்லா வால்வையும் மூடி, மோட்டார் மெயினை அணைத்துவிடுங்கள். தரை ட்ராப்புகளிலும் கழிவறையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. தொட்டி வால்வு எது என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் குழாய் முனைச் சல்லடைகளைக் கழற்றிவிட்டு வால்வைப் பாதி மட்டும் திறங்கள். முதலில் வருவது துருத் தண்ணீர், டீ நிறத்தில் இருக்கும். தெளியும் வரை செடிக்கு விடுங்கள். கிணற்றில் மோனோபிளாக் மோட்டார் இருந்தால் சுவிட்சைப் போடுவதற்கு முன், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மோட்டாரின் தலையில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, குமிழி வருவது நின்று விளிம்புவரை நிற்கும் வரைக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கிறது அல்லது வாஷர் காய்ந்திருக்கிறது. அதைத் தூக்கிச் சரிசெய்த பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும்.